காசு கொடுத்தவருக்கே பூட்டா?

கேள்வி: இணைய இணைப்பு இருந்தால்தான் ஓடும் என்று வீடியோ கேம்களுக்குப் பூட்டுப் போடுவது நியாயமா?

பதில்: தனியாளாக ஆடும் ஆட்டத்துக்கு நியாயமே இல்லை. 2013 மார்ச்சில், இணைய இணைப்பு கட்டாயம் என்ற பூட்டோடு 'சிம்சிட்டி' என்ற நகரம் கட்டும் ஆட்டம் வெளியானபோது சர்வர்கள் திணறின. பணம் கட்டியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் காத்துக் கிடந்தார்கள். சுமையைக் குறைக்க, ஆட்டத்தின் அதிவேக ஓட்டத்தையே அதை வெளியிட்ட இ.ஏ. நிறுவனம் நிறுத்தி வைத்தது. நகரத்தின் கணக்குகளைச் சர்வர்தான் போடுகிறது, இணைப்பை எடுக்க முடியாது என்று வாதிட்டவர்கள், மறு ஆண்டு மார்ச்சில் இணைப்பில்லாமல் ஆடும் வசதியைத் தாங்களே கொடுத்தார்கள். அப்படியானால் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான், படைத்தவருக்குக் கூலி கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் திருட்டுப் பிரதி எடுப்பவர் பூட்டை உடைத்துவிட்டுப் போய்விடுகிறார், அவதிப்படுவது வாங்கியவர். 'இணைய இணைப்பு கட்டாயம்' என்ற வரி இருந்தால், தனி ஆட்டத்துக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.