எலுமிச்சையை முகத்தில் தேய்க்காதீர்கள்

“இயற்கையானதுதானே டாக்டர், ஒன்றும் செய்யாது.” தோல் மருத்துவரின் அறையில் இந்தப் பேச்சு காதில் விழாமல் ஒரு வாரம் போவதில்லை. சொல்கிறவர்கள் பெரும்பாலும் எரியும் முகத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள். “எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின். அதனால் கடையில் விற்கும் எதையும் தொடுவதில்லை. எலுமிச்சம்பழமும் தேனும் மட்டும்தான்.” கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அவர்கள் மீது அல்ல. இதை வாட்ஸ்அப்பிலும் வீடியோவிலும் ஓயாமல் பரப்புகிறவர்கள் மீது.

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது. அதன் பி.ஹெச். அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாற்றுக்கு 2 முதல் 2.5 வரை. இந்தக் கணக்கில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். ஆக, தோல் தாங்கும் அளவைவிடப் பல நூறு மடங்கு அமிலத்தை, ஏற்கெனவே காப்பு குறைந்துபோன கன்னத்தில் பூசி, கால்மணி நேரம் காயவிடுகிறோம்.

அமிலத்தோடு விஷயம் முடியவில்லை. எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், ஃபுரானோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் பெரிய மஞ்சள் பழத்தைவிட, நாம் ஊறுகாய் போடும் சிறிய பழத்தில் இவை அதிகம். இவை நம் தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால் தோல் செல்கள் வெந்துபோகின்றன. அன்றைக்கே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து கொப்புளிக்கும். அதனால்தான் யாரும் பழத்தைச் சந்தேகப்படுவதில்லை. புண் ஆறிய பிறகு வரும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் கருமையின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்: கன்னத்தில் ஒரு திட்டு, அங்கிருந்து தாடையைத் தாண்டிக் கழுத்து வரை கோடாக இறங்கும் தடம். சாறு வழிந்த வழி அது. நிறம் கூடும் என்று பூசியது, இருக்கிற நிறத்தையும் கறையாக்கிவிட்டுப் போகிறது.

ஃபுரானோகூமரின்களில் ஒன்றான சோரலினை வெண்புள்ளி சிகிச்சைக்குத் தோல் மருத்துவர்களான நாங்களே பயன்படுத்துகிறோம். மருந்தை அளந்து, வெளிச்சத்தையும் அளந்து, கூடிவிட்டால் கொப்புளம் வரும் என்று எச்சரித்துத்தான் கொடுக்கிறோம். கார்போக அரிசியில் இருப்பதும் இதுதான். சித்த மருத்துவம் அதை வெண்புள்ளிக்குத் தருவதும் இதனால்தான். அதே கார்போக அரிசியைக் குளியல் பொடியில் பிடிபிடியாகச் சேர்த்து அரைத்து, எளிதில் சிவக்கும் தோல்காரர்களுக்கும் தேய்த்து, வெயிலில் அனுப்புகிறார்கள். மருந்தின் வீரியத்தை மதிக்கிறவர்கள் செய்யும் காரியமா இது?

செடியிலிருந்து வந்தால் சாது என்பதை நம் ஊர்க்காரர்கள் சொல்லவே கூடாது. சலவைக் குறி போடப் பயன்பட்ட சேங்கொட்டையின் சாறு இயற்கைதான். அந்தக் குறி உரசிய கழுத்தெல்லாம் கொப்புளித்த காலம் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் நுனிகளைப் பாருங்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுக் கருத்து, வெடித்து, உரிந்திருக்கும். மறுபக்கம், 1872-ல் காப்புரிமை வாங்கிய வாசலின் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. தோலின் ஈரம் ஆவியாகாமல் காப்பதில் அதற்கு நிகர் குறைவு, அது ஒவ்வாமை தருவதும் மிக அரிது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். தோலில் பட்டால் என்ன செய்யும் என்று கேளுங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பது தவறு, எரிந்தால் கழுவிவிடுங்கள். குழந்தை சோப்பு மென்மையானது என்று பெரியவர்கள் வாங்குகிறார்கள். அதில் பலவும் வழக்கமான சோப்புதான், பி.ஹெச். 9, 10 என்று காரமாக இருக்கும், வாசனை வேறு. டிஎஃப்எம் 76 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் தரம் என்பது சரி, ஆனால் அது சோப்பில் உள்ள கொழுப்பு அமிலத்தின் அளவு. தோலுக்கு இதமா என்பதற்கு அது சான்று ஆகாது. மாநிறத் தோலுக்கு சென்சிட்டிவ் பிரச்சினை வராது என்பதும் பொய். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, சாம்பல் பூத்தோ கருத்தோ தெரியும், அவ்வளவே. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற முத்திரையையும் நம்பி ஏமாறாதீர்கள். அந்தச் சொல்லைப் போட ஆதாரம் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 1975-ல் விதி கொண்டுவந்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 1977-ல் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. அங்கே அதற்கு இன்றும் சட்ட வரையறை கிடையாது.

டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். ‘பர்ஃப்யூம்’, ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். சோப்பு சேராத, வாசனை இல்லாத ஒரு கிளென்சர், எளிய ஒரு மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு உள்ள ஒரு சன்ஸ்கிரீன், இவை போதும். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் காலை மாலை ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு.

கடைசியாக, நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடாத ஒன்று. சென்சிட்டிவ் ஸ்கின் என்று வருகிற பலருக்குப் பிறவியிலேயே அப்படி இல்லை. மெடிக்கல் ஷாப்பில் “முகத்துக்கு ஒரு கிரீம் கொடுங்க” என்று கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு அவர்களை அப்படி ஆக்கியிருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், கன்னத்தில் முடி முளைக்கும், வெயிலில் நிற்க முடியாது. 2008-ல் இந்தியத் தோல் மருத்துவர்களே இந்த முகத்துக்குத் தனியாக ஒரு பெயர் வைக்க வேண்டி வந்தது. 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் ஆணையிட்டது. ஆனாலும் விற்கிறார்கள், கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் டியூபை இப்போதே எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதாவது இருந்து, அதை மாதக்கணக்கில் முகத்தில் பூசி வந்திருந்தால், பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய சில நாளில் முகம் முன்பைவிட மோசமாகச் சிவந்து எரியும், தாங்க முடியாமல் மறுபடி அதையே தேடிப் போவீர்கள். தூக்கி எறியாமல் அந்த டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எதைப் பூசினீர்கள், எவ்வளவு காலம் என்பதை வைத்துத்தான் எப்படிக் குறைப்பது என்று அவர் முடிவு செய்ய முடியும்.