வாடகைக்கு வரும் விருந்தினர்: உலக உயிரியல் பூங்காக்களில் பாண்டா

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குவதும் அதைக் குத்தகைக்கு எடுப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். வாங்கியது நம் உடைமை. குத்தகைக்கு எடுத்ததோ தவணை தீரும்வரை நம் பொறுப்பில் இருக்கும் பிறர் உடைமை. நிலம், வீடு, எந்திரம் ஆகியவற்றுக்குப் பொருந்தும் இந்த வேறுபாடு உயிருள்ள ஒரு விலங்குக்கும் பொருந்துகிறது. உலகின் பெருநகரங்களில் கருப்பு வெள்ளை நிறத்தோடு மூங்கிலைக் கடித்தபடி அமர்ந்திருக்கும் பாண்டாக் கரடிகளுள் ஏறத்தாழ அனைத்துமே சீன அரசுக்கு உரியவை. அவற்றைக் காட்சிக்கு வைத்திருக்கும் பூங்காக்கள் ஆண்டுதோறும் பெருந்தொகை செலுத்தும் குத்தகைதாரர்களே.

இக்குத்தகை முறை எவ்வாறு தோன்றியது, அதன் விதிகள் யாவை, அதில் செலவாகும் பணம் எதை வாங்கித் தருகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். தொடங்குமுன் ஒரு தெளிவு தேவை. டார்ஜிலிங்கில் உள்ள பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்காவில் நாம் காண்பது செம்பாண்டா. பெயரில் ஒற்றுமை இருப்பினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்த சிறு விலங்கு. இங்கே நாம் பேசுவது கரடிக் குடும்பத்தைச் சேர்ந்த பெரும்பாண்டாவைப் பற்றி. சீனாவின் சிச்சுவான், ஷான்சி, கான்சு மாகாணங்களின் மலைக்காடுகளைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை.

பரிசாக வந்த காலம்

முதலில் பாண்டாக்கள் நட்புப் பரிசுகளாகவே அயல்நாடுகளுக்குச் சென்றன. 1957இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சீனா ஒரு பாண்டாவை வழங்கியது. உலகின் கவனத்தை ஈர்த்த பரிசு 1972இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்குச் சென்று திரும்பினார். இரு நாடுகளுக்குமிடையே நீண்டகாலம் நிலவிய பகைமை தளர்ந்ததன் அடையாளமாக, லிங் லிங், சிங் சிங் என்னும் இணை ஏப்ரல் மாதத்தில் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவை வந்தடைந்தது. அமெரிக்கா மாற்றுப் பரிசாக இரண்டு கஸ்தூரி எருதுகளை அனுப்பியது. அதே ஆண்டில் ஜப்பானுடன் உறவு சீரடைந்தபோது டோக்கியோவின் உவேனோ பூங்காவுக்கும் ஓர் இணை சென்றது. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டன், மெக்சிகோ முதலிய நாடுகளும் இப்பரிசைப் பெற்றன.

பரிசு என்பதால் அவ்விலங்குகளும் அவற்றின் வாரிசுகளும் பெற்ற நாட்டுக்கே உரிமையாயின. மெக்சிகோ நகரத்தின் சாபுல்டெபெக் பூங்காவில் 1990இல் பிறந்த சின் சின் என்னும் பெண் பாண்டா, 1975இல் பரிசாக வந்த இணையின் பேத்தி. அதன் உரிமை மெக்சிகோவைச் சார்ந்தது. இத்தகைய பாண்டாக்கள் இன்று மிக அரிது.

பரிசு குத்தகையான கதை

1984இல் நிலைமை மாறியது. அழிவின் விளிம்பிலிருந்த உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்பாட்டின் மிகக் கடுமையான பட்டியலில் பாண்டா சேர்க்கப்பட்டது. சீனாவும் பரிசளிப்பதைக் கைவிட்டு, கட்டணம் பெற்றுக் கடனாக அனுப்பும் முறைக்கு மாறியது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டியையொட்டி அந்நகரப் பூங்காவுக்கு வந்த இணை இவ்வகையில் புகழ்பெற்றது. சில மாதங்களுக்கு மட்டும் பாண்டாக்களைப் பெற்று, நுழைவுச் சீட்டு விற்று, திருப்பியனுப்பும் வழக்கம் பரவியது.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. இனப்பெருக்கம் செய்யவேண்டிய வயதில் உள்ள விலங்குகள் ஊர் ஊராகப் பயணத்தில் கழிந்தன. இயற்கை ஆர்வலர்கள் இதனை எதிர்த்தனர். 1988இல் அமெரிக்காவின் டொலீடோ பூங்காவுக்கு வந்த பாண்டாக்களைப் பற்றிய வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. அதன்பின் விதிகள் இறுகின. 1996இல் சான் டியாகோ பூங்கா 12 ஆண்டுகளுக்கு ஓர் இணையைப் பெற்றதிலிருந்து நீண்டகால ஆய்வுக் குத்தகை என்னும் இன்றைய வடிவம் நிலைபெற்றது.

ஒப்பந்தத்தின் பொதுவான கூறுகள் இவை. குத்தகைக் காலம் பெரும்பாலும் 10 ஆண்டுகள். இரு தரப்பும் இசைந்தால் நீட்டிக்கலாம். அமெரிக்கப் பூங்காக்கள் ஓர் இணைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர், அதாவது எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தி வந்துள்ளன. அயல்நாட்டில் பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே உரியது. அது சில வயதானதும் சீனாவுக்குத் திரும்பவேண்டும். வாஷிங்டனில் 2005 முதல் 2020 வரை பிறந்து பிழைத்த நான்கு குட்டிகளும் அவ்வாறே சென்றன. சிங்கப்பூரில் 2021இல் பிறந்த லெ லெ என்னும் குட்டியும் 2024 ஜனவரியில் சீனா சென்றது.

குத்தகைப் பொருளுக்குச் சேதம் நேர்ந்தால் இழப்பீடு தரவேண்டும் என்பதும் இங்கு உண்டு. தாய்லாந்தின் சியாங் மாய் பூங்காவில் 2023 ஏப்ரலில் லின் ஹுய் என்னும் பாண்டா, குத்தகை முடிய ஆறு மாதமே இருந்த நிலையில் இறந்தது. சீனாவுக்குத் தரவேண்டிய இழப்பீடு 1.5 கோடி பாட் என அப்போது செய்தி வெளியானது. அத்தொகைக்குக் காப்பீடும் செய்யப்பட்டிருந்தது.

வாடகைக்கு அப்பாற்பட்ட செலவு

வீட்டுக் கடன் வாங்கியோர் அறிவர்: தவணைத் தொகையைவிட, அதனுடன் சேர்ந்துவரும் செலவே பல வேளைகளில் கையைக் கடிக்கும். பாண்டாவின் நிலையும் அதுவே.

பாண்டாவின் உணவில் ஏறத்தாழ 99 விழுக்காடு மூங்கில். ஆனால் அதன் குடல் ஊனுண்ணியின் குடலைப் போன்றே குட்டையானது. தின்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான சத்தையே அதனால் உறிஞ்ச இயலும். ஆகவே நாளின் பாதிக்கு மேற்பட்ட நேரம் அது தின்றுகொண்டே இருக்கிறது. ஒரு நாளுக்கு 12 முதல் 38 கிலோ வரை மூங்கில் தேவைப்படும். வாடிய மூங்கிலை அது தொடாது. இனமும் தண்டும் தளிரும் பருவத்துக்கேற்ப மாறவேண்டும். குளிர்ந்த மலையில் வாழும் விலங்கு என்பதால் சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற வெப்ப நகரங்களில் ஆண்டு முழுவதும் குளிரூட்டப்பட்ட கூடம் அவசியம்.

இனப்பெருக்கம் இன்னும் கடினம். பெண் பாண்டா ஆண்டில் ஒரே முறை, அதுவும் ஓரிரு நாள் முதல் மூன்று நாள்வரை மட்டுமே கருவுறத்தக்க நிலையில் இருக்கும். பிறக்கும் குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம்; தாயின் எடையில் சற்றேறக்குறைய 900இல் ஒரு பங்கு. எடின்பரோ பூங்காவில் 2011 முதல் 2023 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த இணைக்கும், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2009 முதல் 2024 வரை இருந்த இணைக்கும் குட்டி பிறக்கவேயில்லை.

இச்செலவை நுழைவுக் கட்டணம் ஈடுசெய்யுமா? வாஷிங்டன், சான் டியாகோ, அட்லாண்டா, மெம்பிஸ் ஆகிய நான்கு அமெரிக்கப் பூங்காக்களைப் பற்றி 2006இல் ஒரு கணக்கு வெளிவந்தது. 2000 முதல் 2003 வரை, பாண்டாக்களால் கிடைத்த வருவாயைவிட அவற்றுக்காகச் செய்த செலவு 3.3 கோடி டாலர் அதிகம் என்று அது காட்டியது. பாண்டா வந்ததும் கூட்டம் பெருகுகிறது. புதுமை குறையக் குறையக் கூட்டமும் குறைகிறது. வாடகையோ குறைவதில்லை.

ஆஹ்தாரி ஊரின் அனுபவம்

இதனை நன்கு விளக்கும் நிகழ்வு பின்லாந்து நாட்டில் நடந்தது. நாட்டின் நடுப்பகுதியில், தலைநகரிலிருந்து வெகுதொலைவில் உள்ள சிற்றூர் ஆஹ்தாரி. பின்லாந்து தன் விடுதலையின் நூற்றாண்டைக் கொண்டாடிய 2017இல் சீன அதிபர் ஷி ஜின்பிங் அந்நாட்டுக்கு வந்தார். அப்போது இரு பாண்டாக்களை அனுப்ப உடன்பாடு ஏற்பட்டது. ஆஹ்தாரி பூங்கா அவற்றுக்காக 80 லட்சம் யூரோவுக்கு மேல் செலவிட்டு மனை அமைத்தது. 2018 ஜனவரியில் ஜின் பாவ் பாவ், ஹுவா பாவ் என்னும் பாண்டாக்கள் வந்துசேர்ந்தன. பனி எனப் பொருள்படும் லூமி என்றும், பனிப்பொழிவு எனப் பொருள்படும் ப்யூரி என்றும் பின்லாந்து மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டனர். குத்தகைக் காலம் 15 ஆண்டுகள்.

பயணிகள் திரண்டு வருவர் என்பதே திட்டத்தின் அடித்தளம். ஆனால் இரண்டே ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்று உலகப் பயணத்தை முடக்கியது. அதைத் தொடர்ந்து விலைவாசி ஏறியது. சீனாவுக்குரிய கட்டணம் உட்பட ஆண்டுச் செலவு 15 லட்சம் யூரோ. மூங்கில் நெதர்லாந்திலிருந்து வானூர்தியில் வரவேண்டியிருந்தது. கடன் பெருகியது. பூங்கா அரசிடம் உதவி கேட்டது, அரசு மறுத்துவிட்டது. இறுதியில் 2024 நவம்பரில், தவணை முடிய எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே இரு பாண்டாக்களும் சீனாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டன.

பூங்காவின் உழைப்பிலோ விலங்குகளைப் பேணிய விதத்திலோ குறை இருந்ததாக யாரும் கூறவில்லை. வருவாய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். 15 ஆண்டுச் செலவு மட்டும் மாறாது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்ததில்தான் இடர் இருந்தது. நல்ல ஆண்டுகளை அளவாகக் கொண்டு நீண்டகாலக் கடமையை ஏற்கும் எவருக்கும், அவர் நிறுவனமாயினும் குடும்பமாயினும், இந்த இடர் பொதுவானது.

பணம் காட்டைச் சென்றடைகிறதா?

இத்தனை செலவிருந்தும் பாண்டாவை நாடும் பூங்காக்கள் குறையவில்லை. 2023 நவம்பரில் தன் பாண்டாக்களை அனுப்பிவைத்த வாஷிங்டன், 2024 அக்டோபரில் புதிய இணையை வரவேற்றது. அதே ஆண்டில் சான் டியாகோவும் அடிலெய்டும் புதிய இணைகளைப் பெற்றன. நாட்டுறவின் மதிப்பும் ஊரின் பெருமையும் கணக்கேட்டில் எழுதப்படாத வரவுகள்.

ஆயினும் இக்குத்தகைக்குச் சொல்லப்படும் முதன்மையான நியாயம், கட்டணம் காட்டுப் பாண்டாக்களைக் காக்கும் என்பதே. அதனால்தான் அமெரிக்க அரசு 1998இல், கட்டணத்தில் பாதிக்கு மேல் காட்டுப் பாண்டாக்களின் நலனுக்குச் செல்லவேண்டும் என்று விதித்தது. நடைமுறையில் அது முழுமையாக நிறைவேறவில்லை. அப்பணத்தின் ஒரு பகுதி சாலைகளுக்கும் குடியிருப்புக் கட்டடங்களுக்கும் செலவிடப்பட்டதாக நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2024இல் ஆவணங்களோடு எழுதியது.

காட்டில் நிலைமை சீரடைந்திருப்பது உண்மை. 1980களில் நடந்த கணக்கெடுப்பு 1,114 பாண்டாக்களைக் காட்டியது. 2015இல் வெளியான நான்காம் கணக்கெடுப்பில் அது 1,864 ஆயிற்று. 2016இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பாண்டாவை 'அருகிவரும் இனம்' என்னும் நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, 'அழிவாய்ப்புள்ள இனம்' என வகைப்படுத்தியது. இம்முன்னேற்றத்தில் பெரும்பங்கு சீனா தன் காடுகளைக் காத்ததற்கே உரியது. 1998இல் யாங்சி ஆற்றின் பெருவெள்ளத்துக்குப் பின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது தடுக்கப்பட்டது; மலைச்சரிவு வயல்கள் மீண்டும் காடாக்கப்பட்டன; பாண்டாவுக்கான காப்பகங்கள் 67 ஆகப் பெருகின. பூங்காக்களில் பிறந்து காட்டில் விடப்பட்டவை மிகச் சிலவே. 2006இல் முதன்முதலாக விடப்பட்ட சியாங் சியாங், ஓராண்டுக்குள் காட்டில் இறந்துபோனது.

பூங்காக்களின் பங்கை இதனால் நாம் புறந்தள்ளவேண்டியதில்லை. குட்டிகளைப் பிழைக்கவைக்கும் மருத்துவமும் இனப்பெருக்க அறிவும் அங்குதான் வளர்ந்தன. பாண்டாவைக் கண்ட கோடிக்கணக்கான சிறுவர் மனத்தில் விலங்குகள்பால் அன்பு ஊன்றியதும் அங்குதான். ஆனால் காட்டுப் பாண்டாக்கள் இன்று ஒன்றோடொன்று சேரமுடியாத 33 தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றுள் பல மிகச் சிறியவை. அவற்றை இணைக்கும் காட்டுப் பாதைகளுக்குச் செல்லும் ஒவ்வொரு டாலரும் இக்குத்தகையை நியாயப்படுத்தும். கட்டடத்துக்குச் செல்வது நியாயப்படுத்தாது.

நம்மில் பலர் விடுமுறையில் சிங்கப்பூருக்கோ வேறு நாட்டுக்கோ குடும்பத்துடன் சென்று பாண்டாவைக் கண்டு வருகிறோம். நாம் வாங்கும் நுழைவுச் சீட்டும் இக்குத்தகையின் ஒரு சிறு தவணைதான். அங்குள்ள விளக்கப் பலகையில் பாண்டாவின் எடையையும் உணவையும் படிக்கும் குழந்தைகளுக்கு, அவ்விலங்கு யாருக்கு உரியது, அதற்காகச் செலுத்தும் பணம் எந்தக் காட்டுக்குப் போகிறது என்பதையும் கேட்டறியக் கற்றுக்கொடுப்போம்.