அந்தரங்கம் காசுள்ளவர்களுக்கு மட்டும் உரியதா?

மாணவர் குழுக்களுக்கான கற்கைப் பாடம்

சில காலத்துக்கு முன் நாம் நடத்திய மாணவர் கருத்தரங்கு ஒன்றின் முடிவில், பல்கலைக்கழக முதலாம் வருட மாணவி ஒருவர் எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருந்து எம்மிடம் வந்தார். உடைந்த திரையை மாற்றுவதற்காகத் தமது கைத்தொலைபேசியைத் திருத்தும் கடையொன்றில் ஒப்படைத்திருந்தார். கடைக்காரர் கேட்டபடி, அதைத் திறக்கும் இலக்கத்தையும் துண்டுக் கடதாசியில் எழுதிப் பின்புறம் ஒட்டிக் கொடுத்திருந்தார். இரண்டு வாரங்களின் பின், அவர் எவருக்கும் காட்டியிராத படங்கள் தெரியாத இலக்கமொன்றிலிருந்து அவருக்கே வந்தன. கூடவே பணம் கேட்டு ஒரு செய்தியும் வந்தது. அவர் வீட்டில் சொல்லவில்லை. விரிவுரைகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

“இதையெல்லாம் பாதுகாக்கிறதுக்கு எங்களிட்ட எங்க காசு?” என்று அவர் எம்மைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கம்.

தபாலட்டையும் மொட்டைக் கடிதமும்

அந்தரங்கம் வேறு, பெயர் மறைத்தல் வேறு. தபாலட்டையில் எழுதினால் வழியிலுள்ள எல்லோரும் வாசிக்கலாம். உறையிலிட்டு ஒட்டினால் உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் யார் யாருக்கு எழுதுகிறார் என்பது வெளியே தெரியும். இது அந்தரங்கம். மொட்டைக் கடிதத்தை எவரும் வாசிக்கலாம். எழுதியவர் யார் என்பது மட்டும் தெரியாது. இது பெயர் மறைத்தல்.

வட்ஸ்அப் செய்திகள் 2016ஆம் ஆண்டு முதல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றன. அதாவது கடிதம் உறைக்குள் இருக்கிறது. ஆயினும் நாம் யாருடன், எப்போது தொடர்புகொண்டோம் என்பது உறையின் வெளிப்புறத்தில் எழுதியதைப் போன்றது. அதை அந்த நிறுவனம் அறியும். உறையைப் பிரித்து வாசித்தவர் அதைப் படம்பிடித்து மற்றவர்களுக்கு அனுப்பினால், எந்த மறைகுறியும் நம்மைக் காப்பாற்றாது.

யாரிடமிருந்து மறைக்கிறோம்?

எதையும் வாங்குவதற்கு முன் இந்தக் கேள்வியை நாம் கேட்கவேண்டும். விடுதி அறையில் நம் தொலைபேசியை எடுத்துப் பார்ப்பவரிடமிருந்தா? கடைக்காரரிடமிருந்தா? நம் விருப்பங்களைக் கணக்கெடுத்து விளம்பரம் விற்கும் நிறுவனத்திடமிருந்தா? அதிகாரத்தில் இருப்பவரிடமிருந்தா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மாணவர்களுக்கு நேரும் தீங்குகளில் அனேகமானவை, தூரத்து நிபுணர்களால் அல்ல, கைக்கெட்டிய தூரத்தில் இருப்பவர்களாலேயே நேருகின்றன என்பது நமது அனுபவம். அவற்றைத் தடுக்கப் பணத்தைவிடப் பழக்கமே அதிகம் தேவை.

செலவில்லாத ஆறு பழக்கங்கள்

1. திருத்தக் கொடுக்கும்போது சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றி எடுப்போம். படங்களைப் பிரதி எடுத்துவிட்டுத் தொலைபேசியிலிருந்து அழிப்போம். திரை மாற்றுவதற்குத் திறக்கும் இலக்கம் தேவையில்லை. சோதிக்கவேண்டுமாயின் நாமே முன்னால் நின்று திறந்து காட்டலாம்.

2. கடவுச்சொல்லாகப் பிறந்த திகதியையோ அடையாள அட்டை இலக்கத்தையோ வைக்காதிருப்போம். நமது அடையாள அட்டை இலக்கம் பழையதாயினும் புதியதாயினும், பிறந்த ஆண்டும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நீளமான, மறக்காத கடவுச்சொல் கிடைக்கும். பல கடவுச்சொற்களை நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு கீபாஸ், பிட்வார்டன் போன்ற இலவச மென்பொருட்கள் உள்ளன.

3. வட்ஸ்அப்பில் ஈரடுக்குச் சரிபார்ப்பை இன்றே இயக்குவோம். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை, நண்பரின் பெயரிலிருந்தே கேட்டாலும், எவருக்கும் கொடுக்காதிருப்போம். அந்த நண்பரின் கணக்கு ஏற்கெனவே திருடப்பட்டிருக்கலாம்.

4. கொமியூனிகேஷன் கடையில் பிரதி எடுப்பதற்காக அடையாள அட்டையைக் கடைக்காரரின் வட்ஸ்அப்பிற்கு அனுப்புவது இன்று சாதாரணமாகிவிட்டது. நாம் வீடு திரும்பிய பின்னும் அந்தப் படம் அங்கேயே கிடக்கிறது. பென்டிரைவில் கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால் நம் முன்னிலையிலேயே அழிக்கும்படி மரியாதையாகக் கேட்போம். அங்குள்ள கணினியில் மின்னஞ்சல் பார்த்தால் வெளியேறிவிட்டே எழும்புவோம்.

5. சிம் அட்டை அடையாள அட்டையைக் காட்டியே பெறப்படுகிறது. ஆகவே தொலைபேசி இலக்கமும் ஒருவகையில் நமது பெயரே. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் சேரும்போது அங்குள்ள அனைவருக்கும் அது தெரிந்துவிடும். சிக்னல் என்னும் இலவசச் செயலியில் 2024ஆம் ஆண்டிலிருந்து இலக்கத்தைக் காட்டாமல் ஒரு பயனர் பெயரைக் கொடுத்தே பேசலாம்.

6. கமெராவில் இருப்பிடம் பதியும் வசதியை நிறுத்திவைப்போம். இல்லையேல் படத்தோடு வீட்டின் இருப்பிடமும் சேர்ந்து போகக்கூடும்.

இலவசத்தின் விலை

2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக வலைத்தளங்கள் தடைசெய்யப்பட்டபோது, பலர் அவசரமாக இலவச வி.பி.என். செயலிகளை இறக்கினார்கள். வி.பி.என். என்பது நமது தபாலை இடைத்தரகர் ஒருவர் மூலம் அனுப்புவதாகும். நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியாது, தரகருக்குத் தெரியும். தரகர் நேர்மையற்றவராயின் நிலைமை முன்னரைவிட மோசமாகும். பேஸ்புக் நிறுவனம் 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற இலவசச் செயலி பாதுகாப்புத் தருவதாகக் கூறிக்கொண்டே, மக்கள் வேறு எந்தச் செயலிகளைப் பாவிக்கிறார்கள் என்ற விபரத்தை அந்நிறுவனத்துக்குச் சேர்த்துக் கொடுத்தது. 2018இல் அப்பிள் நிறுவனத்தின் கடையிலிருந்து அது விலக்கப்பட்டது.

இலவசமானவை எல்லாம் தீயவை என்பதல்ல. எவ்வாறு செலவு ஈடாகிறது என்பதே கேள்வி. புரோட்டன் வி.பி.என். போன்றவற்றில் கட்டணம் செலுத்துவோரின் பணத்தால் இலவசப் பிரிவு நடக்கிறது. டோர் உலாவியை இலாபநோக்கற்ற அமைப்பொன்று நடத்துகிறது.

மாணவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. மலிவான சமூக வலைத்தளப் பொதியை எடுத்தவர் வி.பி.என். இயக்கினால், அவர் போவது எந்தத் தளம் என்று தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியாததால் அந்தப் பொதி உதவாது. சாதாரண டேட்டாவே கழியும். தேவையானபோது மட்டும் இயக்குவது சிக்கனம்.

முகமூடியின் எல்லை

டோர் நமது தபாலை மூன்று தரகர்கள் வழியாக அனுப்புகிறது. முதலாமவருக்கு நம்மைத் தெரியும், போகுமிடம் தெரியாது. மூன்றாமவருக்குப் போகுமிடம் தெரியும், நம்மைத் தெரியாது. ஆயினும் உள்ளே போய் நமது சொந்தப் பேஸ்புக் கணக்கைத் திறந்தால், நாமே முகமூடியைக் கழற்றியவர்களாவோம்.

2013 டிசெம்பரில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், பரீட்சைக்குப் பயந்து, டோர் வழியாகப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். அவர் பாவித்தது பல்கலைக்கழகத்தின் சொந்த வலையமைப்பு. அந்நேரத்தில் அதிலிருந்து டோருக்குப் போனவர்களைத் தேடிய அதிகாரிகள் விரைவில் அவரிடம் வந்து சேர்ந்தனர். கருவி பழுதடையவில்லை, கூட்டமில்லாத இடத்தில் முகமூடி அணிந்தவர் தனித்துத் தெரிந்தார்.

2006இல் ஏ.ஓ.எல். நிறுவனம் ஏறத்தாழ 650,000 பேரின் தேடல்களை, பெயர்களுக்குப் பதிலாக இலக்கமிட்டு ஆய்வுக்காக வெளியிட்டது. ஒரு பெண் தேடிய ஊர்ப்பெயர், உறவினரின் குடும்பப்பெயர், உடல்நோய் ஆகியவற்றைக் கோத்துப் பத்திரிகையாளர்கள் அவரது வீட்டுக்கே போய்விட்டார்கள். பெயரை நீக்கினாலும் நமது பேச்சும் வழக்கமும் நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

ஊரில் மொட்டைக் கடிதங்கள் எத்தனை குடும்பங்களைக் குலைத்தன என்பதையும் நாம் அறிவோம். பெயர் மறைப்பது, உண்மையைச் சொல்ல அஞ்சுபவருக்கு அரண். பிறரைக் காயப்படுத்துபவருக்கு அது ஒளிவிடம். எதற்காகப் பாவிக்கிறோம் என்பது நம் மனச்சாட்சியின் பொறுப்பு.

பிழை யாருடையது?

அந்த மாணவி இறுதியில் தமது அக்காவிடம் சொன்னார். அவர்கள் பணம் கொடுக்கவில்லை. செய்திகளை அழிக்காமல், இலக்கமும் திகதியும் தெரியும்படி திரையைப் படம்பிடித்து வைத்துப் பொலிசில் முறையிட்டார்கள். அவர் மீண்டும் விரிவுரைகளுக்குப் போகிறார்.

அவர் இழைத்த பிழை எதுவுமில்லை. அவர் கடைக்காரரை நம்பினார். அந்த நம்பிக்கையை வேறொருவர் திருடினார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டமை நல்லதே. ஆனால் சட்டம் வந்து சேருமுன் படம் ஊர் சுற்றிவிடும். இப்படியான நேரத்தில் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது ஏசாமல் கேட்கும் ஒருவர். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 ஆகிய தொலைபேசி இலக்கங்களிலும் உதவி பெறலாம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது தொலைபேசி இன்று தொலைந்துபோனால், அதை எடுத்தவர் நம்மைப் பற்றியும் நம் நண்பர்களைப் பற்றியும் எவற்றை அறியமுடியும்?

2. பிறருடைய படத்தை அவர்களைக் கேட்காமல் குழுக்களில் பகிர்ந்திருக்கிறோமா? ஏன்?

3. மேலே கூறிய ஆறு பழக்கங்களுள் இவ்வாரம் குழுவாகச் சேர்ந்து தொடங்கக்கூடியது எது?

4. மிரட்டலுக்கு உள்ளான ஒருவர் நம் ஊரில் யாரிடம் பயமின்றிப் போய்ச் சொல்லலாம்? அப்படி ஒருவர் இல்லையெனில் நாம் என்ன செய்யப்போகிறோம்?