பண்ணையில் ஒரு வகுப்பறை

பிரிட்டனில் பல பள்ளிகள் மாணவர்களைப் பண்ணைகளுக்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் செல்கின்றன. பேருந்திலிருந்து முப்பது மாணவர்கள் ஆரவாரத்துடன் இறங்கி வரும்போது, பல்லாண்டு மாடு வளர்த்த விவசாயிக்கும் நா வறண்டு போகும். பயிர்த்தொழில் தெரிந்தவர் எல்லாருக்கும் அதை விளக்கிச் சொல்லவும் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே, விவசாயிகளுக்கென்றே அங்கு 'செவாஸ்' என்னும் பயிற்சி நடத்தப்படுகிறது. 1991-ஆம் ஆண்டு தோன்றிய 'லீஃப்' என்னும் வேளாண் அமைப்பின் கல்விப் பிரிவு இதை நடத்தி வருகிறது.

விவசாயிகள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது பேச்சு முறையை. 'இந்த வயல் பத்து ஹெக்டேர்' என்றால் பத்து வயது மாணவனுக்கு எதுவும் விளங்காது. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய ஒன்றரைக் கால்பந்துத் திடல் அளவு என்றால் உடனே புரிந்துவிடும். நீண்ட உரையைவிட, கோதுமைக் கதிரைக் கையில் கொடுத்து உதிர்க்கச் செய்வதும், மணிகளை இரு கற்களுக்கிடையே வைத்து அரைக்கச் செய்வதும் மேல். ரொட்டிக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். அவர்கள் எந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதும் அவசியம்.

அடுத்தது பாதுகாப்பு. இங்கு விளையாட்டுக்கே இடமில்லை. 2009-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஒரு பண்ணைக்குச் சென்றவர்களிடையே 'இ.கோலை ஓ157' என்னும் கிருமி பரவியது. மொத்தம் 93 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள்; சிலருக்குச் சிறுநீரகமே பழுதடைந்தது. இக்கிருமி மாடு, ஆடுகளின் சாணத்தில் இருக்கும். ஆனால், அந்த விலங்குகள் நலமாகவே தோன்றும். நோய் தொற்றுவதற்கு மிகச் சில கிருமிகளே போதும்.

ஆகவே, பேருந்து வருவதற்கு முன்பே விவசாயி இடர் மதிப்பீட்டை எழுதி முடிக்க வேண்டும். கை கழுவும் குழாய்கள் சிறுவர்களுக்கு எட்டும் உயரத்தில் உள்ளனவா? உணவு உண்ணும் இடம் தொழுவத்திலிருந்து விலகியிருக்கிறதா? சவர்க்காரமும் ஓடும் நீரும் இருக்கின்றனவா? கையில் பூசும் கிருமிநாசினி இவற்றுக்கு ஈடாகாது; சாணமும் மண்ணும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. குட்டி ஈனும் பருவத்தில், கர்ப்பிணி ஆசிரியர்கள் செம்மறியாடுகளின் அருகில் செல்லக்கூடாது. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் நோய்கள் அவற்றிடமிருந்து தொற்றலாம்.

இத்தனை வேலைக்கும் விவசாயி தம் அன்றாடப் பணியிலிருந்துதான் நேரத்தை ஒதுக்க வேண்டும். கல்வி வருகைகளை ஏற்கும் பண்ணைகளுக்கு இங்கிலாந்து அரசு உதவித்தொகை வழங்கியுள்ளது. ஒரு திட்டத்தின்கீழ் ஒரு வருகைக்கு 290 பவுண்டு வீதம், ஆண்டுக்கு 25 வருகைகள்வரை அத்தொகை கிடைத்தது.

எல்லாம் ஆயத்தமான பிறகும் விவசாயியைத் தடுமாற வைப்பவை மாணவர்களின் கேள்விகளே. "பசுக்கன்று வளர்ந்து பால் தரும், காளைக்கன்று என்ன ஆகும்?" என்று ஒரு சிறுமி கேட்கலாம். இறைச்சிக்கு அனுப்பப்படும் என்பதே பெரும்பாலும் விடை. அதைச் சொல்லாமல் மழுப்பினால் சிறுமி கண்டுபிடித்துவிடுவாள். எனவே, அனுபவமுள்ள விவசாயி பேச்சை மாற்றுவதில்லை. அவளுடைய வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைக் கூறிவிட்டு, அவளது அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கிறார்.