பழைய சாமானில் பசுமைத் தோட்டம்
(வீட்டுப் பொருளாதாரப் பாடம்)



நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பாடசாலையிலும் படித்துவிட்டு, பாலிக் புலாவில் மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். ஆகையால் நூலறிவை நான் சொல்ல வரவில்லை. கையால் செய்து, ஒருமுறை கெடுத்து, மறுமுறை திருத்திக் கற்ற ஒரு விஷயத்தையே இங்கு பாடமாகத் தருகிறேன். உடைந்த மேசை, லாச்சி, அலமாரி முதலியவற்றைச் செடி வளர்க்கும் தொட்டிகளாக்குவது எப்படி என்பதே அது.

இது என்ன பெரிய காரியம் என்று சிலர் கேட்கலாம். பெரிய காரியந்தான். சரியாகச் செய்தால் வீட்டுக்குக் கீரையும் முதியோருக்கு மனநிறைவும் கிடைக்கும். தவறாகச் செய்தால் வீட்டுக்குக் காய்ச்சல் வரும். இரண்டையும் நான் கண்டிருக்கிறேன்.

பழைய சாமான் எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் பழைய சாமான் கடைக்குக் 'காயலான் கடை' என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர் அத்தொழிலில் முன்னின்றதால் அப்பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆக, ஒருவன் வேண்டாமென்று ஒதுக்கியதில் மற்றொருவனுக்குப் பிரயோஜனம் காண்பது நம்மவர்க்குப் புதிய தொழில் அன்று. பினாங்கிலோ, முன்பு ரோப் வாக் என்னும் பிந்தால் தாலி வீதியிலும், பின்னர் நகர விளையாட்டரங்கை அடுத்த லோரோங் கூலிட்டிலும் காலைச் சந்தை கூடிப் பழம்பொருள் விற்பனை நடந்து வந்திருக்கிறது.

நமது ஊரில் பழைய மரச்சாமான் மிகுதியாக வெளிவந்ததற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. யுத்தத்திற்கு முன் கட்டிய கடைவீடுகளின் வாடகையை 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயராமல் வைத்திருந்தது. அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாடகை சந்தை நிலவரத்திற்கு வந்தது. ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்களும் கடைகளும் இடம் பெயர்ந்தன. கல்லாப் பெட்டியும், மசாலா லாச்சியும், சலவைக்கல் மேசையும் ஐந்தடிப் பாதைக்கு வந்துவிட்டன. 2008-இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, அச்சாமான்களில் பல போன இடம் தெரியவில்லை.

என் மாமாவின் மசாலாக் கடையும் அப்படி மூடப்பட்டதுதான். சோம்பு, சீரகம், மிளகு என்று பன்னிரண்டு லாச்சிகள் கொண்ட அவருடைய அலமாரி லாரியில் ஏறி பாலிக் புலாவுக்கு வந்தது. என் கடையின் பின்கட்டில் இருபது வருஷத்துக்கு மேல் தூசி படிந்து கிடந்தது.

நான் செய்த பிழை

என் உம்மாவுக்குத் தோட்ட வேலையில் பிரியம். கீரைப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து களை பறிப்பது அவர்களுக்கு ஓர் ஆறுதல். மூட்டு வலி வந்த பிறகு, "இனிக் கீழே உட்காரக் கூடாது" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உம்மா திண்ணையிலிருந்தபடியே காய்ந்து போகும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. மாமாவின் அலமாரியிலிருந்து நான்கு லாச்சிகளை உருவி, மண் கொட்டிக் கீரை விதைத்து, ஒரு பலகை மேல் வரிசையாக வைத்தேன். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. லாச்சிக்கு அடியில் ஓட்டை போட எனக்குத் தோன்றவில்லை. விதை அழுகிற்று. மண்ணின் மேல் தண்ணீர் நின்றது. இன்னும் மண் நிரப்பாமல் பக்கத்தில் வைத்திருந்த இரண்டு லாச்சிகளும் குளமாயின. அதே மாதம் என் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தம் பரிசோதித்து, டெங்கு என்றார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, இறைவன் கிருபையால் நலமாக வீடு திரும்பினான். கொசு என் லாச்சியிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த நீரில் புழு நெளிந்ததை என் கண்ணால் கண்டேன். அது போதும்.

என் மச்சான் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மச்சான், உள்ளே போகிற தண்ணிக்கு வாசல் வச்சீங்க, வெளியே போகிறதுக்கு எங்கே?"

இனி, பாடத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: நீர் வெளியேறும் வழி

பினாங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது ஏறக்குறைய 1400. ஆகவே அங்குள்ளவர்கள் நீரைத் தேக்கச் சொல்லித் தரும் முறை நமக்கு ஒவ்வாது. நாம் நீரை வடிக்கக் கற்கவேண்டும். தொட்டியின் அடிப்பலகையில் அரையடிக்கு ஒன்றாக, சுண்டுவிரல் பருமனில் துளை இடுக. மண் ஒழுகாதிருக்கத் துளைகளின் மேல் கொசுவலைத் துண்டு விரிக்க. தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வைக்க. அடியில் தட்டு வைக்கவே வேண்டாம்.

இன்னுமொரு பழைய வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். எறும்பு ஏறாமலிருக்க மேசைக் காலின் கீழும் சாப்பாட்டு அலமாரிக் காலின் கீழும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நமது வீடுகளின் வழக்கம். ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் வேறில்லை. அக்கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். மறுபடி நீர் பட்டால் ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகையால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் இந்நாட்டில் முதன்முதலாக 1962-இல் அறியப்பட்டது நமது பினாங்கில்தான். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வளவில் கொசுப்புழு வளர விடுபவர் அபராதத்திற்கு உரியவர். அபராதத்தைவிடப் பிள்ளையின் உயிர் பெரிது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் படி: மரத்தை அறிதல்

எல்லா மரமும் ஒன்றல்ல. தேக்கு ஈரத்தையும் கறையானையும் நன்கு தாங்கும். மலாய்க்காரர் செங்கால் என்றழைக்கும் மரம் இன்னும் உறுதியானது. மெராந்தி ஈரமண்ணோடு ஒட்டியிருந்தால் விரைவில் கெடும். இக்கால மலிவு மேசை நாற்காலிகளில் பெரும்பாலும் காணும் ரப்பர் மரம் வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். மழையில் பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் அப்பம்போல் ஊதிப் பிளக்கும். அதைத் தொட்டியாக்க முயலவே வேண்டாம்.

அறுப்பதற்கு முன் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இந்தியாவில் சண்டிகர் நகரம் எழுந்தபோது, பியர் ழான்னரே என்னும் கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் அரசாங்க அலுவலகங்களுக்குத் தேக்கு நாற்காலிகள் செய்யப்பட்டன. அவை பழையவையானதும் கழிவுச் சாமானாக ஏலத்தில் போயின. பிற்பாடு அதே நாற்காலிகள் மேல்நாட்டு ஏலங்களில் பல்லாயிரம் டாலருக்கு விலைபோயின. 2011-இல் இந்திய அரசு அவற்றின் விற்பனையைத் தடுத்து உத்தரவிட்டது. அதற்குள் ஏராளமானவை கடல் கடந்துவிட்டன.

நானும் அந்தத் தவற்றைச் செய்ய இருந்தேன். மாமாவின் அலமாரியின் மிச்சத்தையும் அறுக்க ரம்பம் எடுத்தபோது, எங்களூர்ச் சீனத் தச்சர் ஒருவர் மரத்தைத் தட்டிப் பார்த்து, "இதை வெட்டாதே, உன் பேரனுக்கும் உதவும்" என்றார். கைநிறுத்தினேன். மீதி எட்டு லாச்சிகளோடு அது இன்று என் கடையில் மசாலா விற்கிறது. நல்ல சாமானுக்கு முதல் மரியாதை, அதைப் பழுது பார்த்து அதன் வேலையையே செய்யவிடுவது. பழுது பார்க்க முடியாததே தொட்டிக்கு உரியது.

மூன்றாம் படி: வர்ணத்தில் ஜாக்கிரதை

என் முதல் லாச்சிகளில் பச்சை வர்ணம் பூசியிருந்தது. செதில் செதிலாக உதிர்ந்தது. பழங்காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். வெள்ளை, மஞ்சள், பச்சை ஆகியவற்றில் அது மிகுதி. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு உடம்பில் இருந்தால் குற்றமில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. ஆகவே பழைய வர்ணமுள்ள பலகையை உப்புத்தாளால் தேய்க்கவோ அடுப்பில் எரிக்கவோ கூடாது. தூசியிலும் புகையிலும் ஈயம் பரவும். அதில் உண்ணும் பொருள் எதையும் வளர்க்கவும் கூடாது. வர்ணம் உதிர்வதைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைக்கவே வேண்டாம். கறையானுக்காக வாகனத்தின் கழிவு எண்ணெய் பூசுவதும் கீரைத் தொட்டிக்கு ஆகாது. வெளிப்புறத்தில் ஆளிவிதை எண்ணெய் பூசலாம். ஆனால் அவ்வெண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிப்பதுண்டு. விரித்துக் காயவைக்க.

நான்காம் படி: மண்ணும் பாரமும்

இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், அரையடி ஆழமுள்ள லாச்சியில் ஒன்றரைக் கன அடி மண் பிடிக்கும். நனைந்தால் 60 கிலோவுக்கு மேல் கனக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மண் இரண்டு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலந்தால் பாரம் குறையும், நீரும் வடியும். டுரியான் காலத்தில் நமது ஊரில் மலைபோல் குவியும் தோலையும் மக்கவைத்து எருவாக்கலாம். மக்காத தோலைக் கிண்ணம்போல் கிடக்க விட்டால் அதுவும் கொசுவுக்கு வீடாகும்.

கீரைக்கும் கங்கோங்குக்கும் அரையடி ஆழம் போதும். மிளகாய்க்கு ஓரடி வேண்டும். கறிவேப்பிலைக்கு ஒன்றரையடி. நமது ஊர் லக்சாவுக்கு வேண்டிய கெசோம் இலையும் புதினாவும் ஈரத்தை விரும்புபவை. நிழலோரத் தொட்டியில் நன்கு தழைக்கும்.

ஐந்தாம் படி: மேசைத் தோட்டம்

இதுவே என் பாடத்தின் சாரம். லோரோங் கூலிட்டில் கால் உறுதியாயும் மேற்பலகை பிளந்தும் இருந்த, வர்ணம் பூசாத தேக்கு மேசை ஒன்றை 20 வெள்ளிக்கு வாங்கினேன். பிளந்த பலகையை எடுத்துவிட்டு, சட்டத்தின் கீழே குறுக்குக் கட்டைகள் அடித்து, அவற்றின் மேல் துளையிட்ட பலகை பரப்பி, சுற்றிலும் அரையடி உயரத்தில் விளிம்பு கட்டினேன். உட்பக்கச் சுவருக்கு மட்டும் பிளாஸ்டிக் தாள். நான்கு காலுக்கும் கீழே செங்கல். மேசையின் உயரம் இரண்டரையடி என்பதால் குனிய வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியும் கை எட்டும்.

உம்மா முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. சுற்றிவந்து, பலகைக்கு அடியில் கைவிட்டுத் துளைகளைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு, "வாப்பா, விதை எங்கே?" என்றார்கள். இருபத்தைந்தாம் நாள் எங்கள் வீட்டில் அவர்கள் கையால் பறித்த கீரை. அதன் விலை சந்தையில் இரண்டு வெள்ளி இருக்கலாம். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி நிறுத்தியதற்கு என்ன விலை போடுவது?

கழிவிலிருந்து தோட்டம் செய்தவர்களில் உலகறிந்த ஒருவர் நேக் சந்த். அதே சண்டிகர் நகரில் சாலை இலாகாவில் சாதாரண உத்தியோகம் பார்த்தவர். 1957 முதல் இரவு நேரங்களில், உடைந்த ஓடு, வளையல், பீங்கான் முதலியவற்றைச் சேர்த்து, காட்டுக்குள் யாருமறியாமல் ஒரு தோட்டம் அமைத்தார். அது 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 40 ஏக்கர் அளவுக்கு விரிந்தது. அவர் 2015-இல் காலமானார். அத்தனை பெரிய காரியம் நம்மால் ஆகாது. ஆனால் குப்பைத் தொட்டியோரம் மழையில் நனையும் ஒரு மேசையை வீட்டுக்குக் கொண்டுவருவது நம்மால் ஆகும்.

வீண்விரயம் கூடாது என்று சிறு வயதிலேயே ஓதிக் கற்றவர்கள் நாம். சிக்கனம் என்பது காசை மூடி வைப்பது மட்டுமன்று; பொருளையும் மனிதரையும் பயனற்றவர் என்று ஒதுக்காமலிருப்பதுமாகும். இதை வாசிப்போர் வரும் விடுமுறை நாளில் தம் வீட்டுப் பின்கட்டை ஒருமுறை பார்வையிட வேண்டுகிறேன். முதலில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். பிறகு ரம்பத்தைத் தேடுங்கள்.

பயிற்சி வினாக்கள் (பிள்ளைகளுக்கு)

1. தொட்டியில் தேங்கிய நீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பது ஏன்?
2. ரப்பர் மரம், தேக்கு, மரத்தூள் பலகை: மூன்றில் எது தொட்டிக்கு ஏற்றது? காரணம் கூறுக.
3. பழைய வர்ணத்தை ஏன் தேய்க்கவோ எரிக்கவோ கூடாது?
4. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், அரையடி ஆழமுள்ள தொட்டிக்கு எத்தனை கன அடி மண் வேண்டும்?
5. உங்கள் வீட்டில் குனிய முடியாத பெரியவர் எவரேனும் உண்டா? அவருக்கு எந்தச் செடி பிடிக்கும் என்று கேட்டு எழுதுக.