வாசலுக்குத் தார் போடலாமா?

சாலையோரம் அடுத்தடுத்து நான்கு வீடுகள். கரிசல் மண் பூமி. ஒவ்வொரு வீடும் சாலையிலிருந்து 30 அடி உள்ளே தள்ளி இருக்கிறது.

இரண்டாவது வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மழை பெய்தால் வாசல் சேறாகிவிடும். சக்கரம் புதையும். ஆட்டோ வெளியே வராது. அன்றைய வாடகை போய்விடும். அதனால் அவர் மனைவி மகளிர் குழுவில் கடன் கேட்டிருந்தார். பணமும் வந்துவிட்டது.

ஒரு நாள் மாலை ஒருவர் வந்தார்.

"பக்கத்து ஊரில் ரோடு போட்டோம். தார்க்கலவை மீதி இருக்கிறது. பாதி விலைக்கு உங்கள் வாசலுக்குப் போட்டுத் தருகிறேன். ஆனால் பணம் இப்போதே வேண்டும்" என்றார்.

கணவருக்கு ஆசை வந்துவிட்டது. மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தார்.

"ஏங்க, எத்தனை சதுர அடி போடுவீங்க? எவ்வளவு கனம்? இதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

"எழுதித் தருவதெல்லாம் வழக்கம் இல்லை அம்மா" என்றார் வந்தவர்.

"அப்படியானால் பணம் தருவதும் எங்கள் வழக்கம் இல்லைங்க" என்றார் மனைவி. வந்தவர் போய்விட்டார்.

மூன்றாவது வீட்டு அக்கா பல ஆண்டுகள் சாலை வேலை செய்தவர். மறுநாள் கணவனும் மனைவியும் அவரிடம் யோசனை கேட்டார்கள்.

"நல்ல வேளை தங்கச்சி! அரசாங்க வேலைக்கு வந்த சரக்கை வாங்குவது தவறு. அது பொதுச் சொத்து. அதோடு ஆறிப்போன கலவை ஒட்டாது. ஒரே மழையில் பெயர்ந்துவிடும்" என்றார் அக்கா.

தார் என்பது என்ன?

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தால் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரியும். கடைசியில் அடியில் கெட்டியாகத் தங்குவது பிட்டுமன். இதைத்தான் நாம் தார் என்கிறோம். இது ஜல்லியை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் பசை.

சூடாக இருந்தால்தான் இந்தப் பசை வேலை செய்யும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. தாரும் ஜல்லியும் கலக்கும்போது சூடு 150 டிகிரி அல்லது அதற்கு மேல் இருக்கும். பரப்பும்போது 140 டிகிரியாவது இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும்.

இவ்வளவு சூடான தார் உடலில் பட்டால் ஆபத்து. உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். ஒட்டிய தாரைப் பிய்க்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாருக்கு மூன்று எதிரிகள்

முதல் எதிரி தண்ணீர். தேங்கிய தண்ணீர் தாருக்கும் ஜல்லிக்கும் நடுவே இறங்கும். பிடிப்பு விட்டுப் போகும். பிறகு குழி விழும்.

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கியது. அந்தத் திட்டத்தில் போட்ட சாலைகளைக் கவனியுங்கள். வயல்வெளியில் பல சாலைகள் தார்ச்சாலையாக இருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் சிமெண்ட் சாலையாக மாறும். ஏன்? ஊருக்குள் வீட்டுத் தண்ணீர் சாலைக்கு வரும். அதைச் சிமெண்ட் தாங்கும். தார் தாங்காது.

இரண்டாவது எதிரி எண்ணெய். தாரும் டீசலும் ஒரே எண்ணெயில் பிறந்தவை. டீசல் சொட்டிய இடத்தில் தார் இளகிவிடும். வண்டி நிறுத்தும் இடத்தில் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவது எதிரி கடும் வெயில். கறுப்பு நிறம் சூட்டை இழுக்கும். 2015 மே மாதம் டெல்லியில் வெயில் தாங்காமல் சாலையின் தார் இளகியது. அதன் மேல் போட்ட வெள்ளைக் கோடுகள் நெளிந்துவிட்டன.

அப்படியானால் தார் வேண்டாமா? அப்படி இல்லை. தாரிலும் நன்மை உண்டு. தார் போட்டால் மறுநாளே வண்டி ஓட்டலாம். சிமெண்ட் தளத்துக்குப் பல நாள் தண்ணீர் விட வேண்டும். முழு வலு வர 28 நாள் ஆகும். தரை சற்று அமுங்கினாலும் தார் வளைந்து கொடுக்கும். குழி விழுந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிச் சரி செய்யலாம்.

அடிப்படைதான் முக்கியம்

மேலே தெரிவது ஓர் அங்குலத் தார்தான். பாரத்தைச் சுமப்பது அடியில் இருக்கும் ஜல்லி. கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் வெடிக்கும். அதன் மேல் நேராகத் தார் போட்டால் தாரும் வெடிக்கும்.

அதனால் மேல் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். கிராவல் கொட்டி இறுக்க வேண்டும். அதன் மேல் ஜல்லி பரப்பி ரோலர் ஓட்ட வேண்டும். பிறகுதான் தார்.

தண்ணீர் ஓட வாட்டமும் வேண்டும். 10 அடி அகலத்துக்கு ஒரு பக்கம் 3 அங்குலம் தாழ்வாக இருந்தால் போதும். சாலையோர ஓடையை மூடக் கூடாது. அதில் குழாய் பதித்து, மேலே பாதை போட வேண்டும். அதற்கு முன் ஊராட்சியிலோ சாலைத் துறையிலோ அனுமதி கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டார்கள்

மனைவி நோட்டில் எழுதினார்.

நீளம் 30 அடி. அகலம் 10 அடி.
30 × 10 = 300 சதுர அடி.
கனம் 1 அங்குலம். 12 அங்குலம் ஓர் அடி.
300 ÷ 12 = 25 கன அடி.

100 கன அடி ஒரு யூனிட். அப்படியானால் ஒரு வீட்டுக்குக் கால் யூனிட் கலவைதான். ரோலரில் அமுங்குவதால் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

"கால் யூனிட்டுக்கும் லாரி வாடகை, ரோலர் வாடகை முழுசாகக் கொடுக்கணுமே" என்றார் கணவர்.

"நாலு வீடும் சேர்ந்தால் ஒரு யூனிட் வருதுங்க. வாடகையும் நாலாகப் பிரியும்" என்றார் மனைவி.

அன்று இரவே நான்கு வீட்டாரும் கூடிப் பேசினார்கள். முடிவு செய்தார்கள்.

வீட்டை ஒட்டிய 10 அடிக்குச் சிமெண்ட் தளம். அங்கேதான் பாத்திரம் கழுவுகிறார்கள். ஆட்டோவும் அங்கேதான் நிற்கும். மீதி 20 அடிக்குத் தார். முதலில் வாட்டம், பிறகு ஜல்லி, கடைசியில் தார். வேலையை மழைக்காலத்துக்கு முன்பே முடிக்க வேண்டும்.

இந்த முறை வந்த ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். மனைவி அதை வரி வரியாகப் படித்துப் பார்த்தார். பிறகுதான் முன்பணம் கொடுத்தார். ரசீதும் வாங்கிக்கொண்டார்.

எழுதி வாங்க வேண்டியவை

1. நீளம், அகலம், கனம்
2. அடியில் போடும் கிராவல், ஜல்லியின் கனம்
3. ரோலர் உண்டா, இல்லையா
4. மொத்தத் தொகை, முன்பணம், மீதிப் பணம் தரும் நாள்
5. குழி விழுந்தால் எத்தனை மாதம் வரை சரி செய்து தருவார்
6. பெயர், முகவரி, கையெழுத்து, தேதி

பயிற்சி

1. தாரின் மூன்று எதிரிகள் யாவை?
2. ஊருக்குள் பல இடங்களில் சிமெண்ட் சாலை போடுவது ஏன்?
3. நான்கு வீட்டாரும் 20 அடி நீளம், 10 அடி அகலத்துக்குத் தார் போட்டார்கள். மொத்தம் எத்தனை சதுர அடி?
4. உங்கள் வாசலை அளந்து பாருங்கள். எத்தனை சதுர அடி என்று எழுதுங்கள்.
5. மழை பெய்யும்போது உங்கள் வாசலில் தண்ணீர் எங்கே தேங்குகிறது? கவனித்துப் படம் வரையுங்கள்.