டீச்சருக்கு உற்சாகம் எங்கிருந்து வருது?

சம்பளம் கூடினால் ஆசிரியர் நன்றாக நடத்துவார் என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 200 பொறியாளர், கணக்காளர்களிடம் பேசி 1959-ல் புத்தகம் வெளியிட்டார். சம்பளம் குறைந்தால் சலிப்பு வரும். ஆனால் ஊக்கம் தருவது சாதித்த நிறைவும் பாராட்டும்தான் என்றார்.

எனக்குப் பாதிதான் சம்மதம். 2005-ல் ஆந்திரக் கிராமப் பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது. பிள்ளைகள் மார்க் கூடினால் ஆசிரியருக்கு போனஸ். 2 வருஷத்தில் கணக்கு, மொழி இரண்டிலும் அந்தப் பிள்ளைகள் முந்தினார்கள். வேடிக்கை என்னன்னா, ஆசிரியர் வருகை கூடவே இல்லை! வந்த நாளில் வீட்டுப்பாடம், கூடுதல் வகுப்பு, மாதிரித் தேர்வு என்று உழைத்தார்களாம்.

நம்ம கணக்கு சார் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கிறாரே, அவருக்கு ஏது போனஸ்? "புரிஞ்சிடுச்சு சார்"னு சொல்லிட்டு அவர் முகத்தைப் பாருங்க.